மூன்றாம் கவுண்டர் நின்ற இடம்

நான் எழுதிய புரோகிராமில் தப்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. சொன்னவர் வாடிக்கையாளரா, பெற்ற தகப்பனா என்றெல்லாம் பார்க்க மாட்டேன். மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "சித்ரலேகா கம்ப்யூட்டர் படிச்சாளா, சண்டை போடப் படிச்சாளா" என்று வீட்டில் கேட்பார்கள். இரண்டும்தான் படித்தேன். இரண்டிலும் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

1998-இல் நானும் என்னோடு கல்லூரியில் படித்த சாலமோனும் பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்தோம். கம்பெனி என்றால் மாடியில் ஒரே ஒரு அறை, இரண்டு மேசை, கிறீச்சென்று கத்தும் ஒரு ஃபேன். எங்கள் பெரிய வேலை அருணாசலம் அண்ணாச்சியின் பஸ் கம்பெனிக்குச் செய்துகொடுத்த சீட் ரிசர்வேஷன் புரோகிராம். வண்ணாரப்பேட்டையில் அவருடைய புக்கிங் ஆபீஸ். நாலு கவுண்டர், நாலு கம்ப்யூட்டர், உள்ளறையில் அந்த நாலையும் இணைக்கும் ஒரு சர்வர். எந்தக் கவுண்டரில் டிக்கெட் போட்டாலும் சர்வரில் இருக்கும் ஒரே சீட் பட்டியலில்தான் பெயர் ஏறும்.

அதை அண்ணாச்சிக்கு விளக்கியதே ஒரு கதை. "நாலு பேரும் ஒரே நேரத்துல ஒரே சீட்ட வித்துட்டா என்ன தாயி செய்ய?" என்று கேட்டார்.

"டவுன் பஸ்ல ஜன்னல் வழியாத் துண்டு போட்டு இடம் பிடிக்காங்கல்லா அண்ணாச்சி, அதே மாதிரிதான்" என்றேன். "ஒரு கவுண்டர் பட்டியல்ல பேரு எழுதப் போகையில அதுமேல துண்டப் போட்டுரும். நாங்க அதப் பூட்டுன்னு சொல்லுவோம். துண்டு கிடக்க வரைக்கும் மத்த மூணு கவுண்டரும் வெளிய காத்து நிக்கணும். பேரு ஏறுனதும் துண்ட எடுத்துரும். அப்புறம் அடுத்த ஆளு போடலாம்."

அண்ணாச்சி முப்பது வருஷத்துக்கு முன்னால் கண்டக்டராக இருந்தவர். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "அது சரி, துண்டுக்கு ஒரு மரியாதை உண்டுல்லா" என்று சொல்லி ஆர்டரைக் கொடுத்தார்.

அப்படிப்பட்ட புரோகிராமில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரே சீட்டுக்கு இரண்டு ஆள் வந்து நின்றார்கள். ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். பத்து நாளில் மூன்று தடவை. ஏரல்காரர் ஒருவர் பன்னிரண்டாம் நம்பர் டிக்கெட்டோடு மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினால், அந்த சீட்டில் திசையன்விளைக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். சார்ட்டில் இருப்பதும் உட்கார்ந்திருப்பவர் பெயர்தான். பெயருக்கு நேரே, அதை ஏற்றியது எந்தக் கவுண்டர் என்பதும் இருக்கும். மூன்று தடவையும் அது கவுண்டர் மூன்று.

கவுண்டர் மூன்றில் இருந்தவள் பெயர் பாத்து. மேலப்பாளையத்துப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள். அவர்கள் வீட்டில் ஆபீஸ் வேலைக்கு என்று வெளியே வந்த முதல் பெண் அவள்தான். அவளுடைய வாப்பாவைச் சம்மதிக்க வைக்கவே ஆறு மாதம் ஆனதாம். இந்த வேலை கெட்ட பெயரோடு போனால் இன்னொரு வேலைக்கு அவளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள் என்பது ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும்.

அண்ணாச்சி சனிக்கிழமை எனக்குப் போன் செய்தார். "ஒண்ணு மெஷின் தப்பு பண்ணணும், இல்ல அந்தப் பிள்ள தப்பு பண்ணணும். தெரிஞ்ச ஆளுக்கு அடுத்தவன் சீட்ட எடுத்துக் குடுக்காளாம்னு மத்த கவுண்டர்ல பேசுதானுவ. நான் யாரையும் சும்மா ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். நீ பாத்துச் சொல்லு தாயி. நீ என்ன சொல்லுதியோ அதுதான்."

மெஷின் தப்பு பண்ணணும் என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, புக்கிங் இல்லாத நேரம். நான் மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்தேன். சாலமோனும் இரண்டு ஊழியர்களும் மற்ற மூன்றில். பாத்துவைக் கூப்பிடவில்லை. சந்தேகமே அவள் மேல் இருக்கும்போது அவளை எப்படிக் கூப்பிடுவது? அப்படித்தான் நினைத்தேன்.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நாம் குறித்த வரியில் அப்படியே நிறுத்தி வைத்து, அந்த நிமிஷம் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. பிரேக்பாயிண்ட் என்போம். பட்டியலில் பெயர் எழுதும் வரியில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்தேன். தப்பு நடந்தால் அந்த இடத்தில்தானே நடக்கவேண்டும்? டிக்கெட் போட்டேன். நின்றது. பார்த்தேன், சீட் காலியாக இருந்தது, சரியான பெயர் ஏறியது. ஓட விட்டேன். மற்ற மூன்று பேரும் அவரவர் டிக்கெட்டைப் போட்டார்கள். மறுபடி நான். சாதாரண டிக்கெட், ரத்து, சீட் மாற்றம் என்று நாற்பது தடவை. நாற்பது தடவையும் துளிப் பிசகு இல்லை.

"பாத்தியால?" என்றேன் சாலமோனிடம்.

"பாத்தேன் பாத்தேன். கையெடுத்துக் கும்பிடுதேன், வா, பசிக்கி" என்றான்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் திறக்கும் நேரத்துக்கே போய்விட்டேன். நாலு கவுண்டர் ஆட்களும் இருந்தார்கள், பஸ் டிரைவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், பாத்துவும் இருந்தாள். அண்ணாச்சி உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை எங்கே? ஹாலில் வைத்தே சொன்னேன்.

"புரோகிராம்ல தப்பு இல்ல அண்ணாச்சி. நாப்பது தடவ நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டேன்."

அண்ணாச்சி பாத்துவைப் பார்த்தார். சத்தம் போடவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "சனிக்கிழமையோட நின்னுக்கோ தாயி. இது கூட்ட நேரம், அதுவரைக்கும் இரி" என்றார்.

பாத்து அழவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றாள். "ஒரு சீட்ட ரெண்டு பேருக்குக் குடுத்தா எனக்கு என்னக்கா கெடைக்கும்? ரெண்டு பேருகிட்டயும் ஏச்சுதான் கெடைக்கும்" என்றாள். பிறகு தன் கவுண்டரில் போய் உட்கார்ந்து முதல் ஆளைக் கூப்பிட்டாள். எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவளே எங்கள் அறைக்குப் போன் செய்தாள். "அக்கா, இன்னைக்கும் ஒண்ணு. சார்ட்டையும் டிக்கெட் அடிக்கட்டையையும் ஒத்துப் பாத்து நானேதான் அண்ணாச்சிட்ட சொன்னேன். திருடுதவ தானா வந்து சொல்லுவாளா? கூட்டம் இல்லாதப்ப நிறுத்தி நிறுத்திப் பாத்தா அது நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். ஓடிக்கிட்டு இருக்கையில வந்து பாருங்க."

வேலை பழகி ஆறு மாதம் ஆகாதவள் எனக்கு என் வேலையைச் சொல்லிக்கொடுக்கிறாள்! ரிசீவரை வைத்த வேகத்தில் மேசை ஆடியது. "கிளம்புலே" என்றேன் சாலமோனிடம். "அவ கவுண்டர்ல, அவ கண்ணு முன்னாலயே பாத்துக் காட்டுதேன்."

ஆபீஸில் வாசல் வரை கூட்டம். தீபாவளி முடிந்து மெட்ராஸ் திரும்பும் மகன்களுக்காக அப்பாக்கள் வந்து வரிசையில் நின்றார்கள். மூன்றாம் கவுண்டர் முன்னால் மட்டும் சேலையும் துப்பட்டியும் சுடிதாருமாக முழுக்கப் பெண்கள். யாரும் போர்டு வைக்கவில்லை. பெண் உட்கார்ந்திருக்கிற கவுண்டர் என்று அவர்களாகவே அங்கே வந்து நின்றார்கள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

பாத்துவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை வைத்த அதே வரியில் பிரேக்பாயிண்ட் வைத்தேன். சேரன்மகாதேவியிலிருந்து வந்த ஒரு டீச்சருக்கு டிக்கெட். பாத்து அடித்தாள். திரை நின்றது. நான் உள்ளே இருந்த விவரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்துக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து உள்ளறையில் எனக்கு ஒரு போன். "இத யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

இரண்டு நிமிஷம் பேசியிருப்பேன். வெளியே சந்தைக்கடை இரைச்சல்.

"என்ன வே, வெரல வச்சிக்கிட்டு சும்மா இருக்கீரு? டிக்கெட்டப் போடும்!"

"மெஷின் நின்னுட்டு அண்ணாச்சி!"

"மூணு மணி நேரமா நிக்கேன், இப்பத்தான் நிக்கணுமா அது?"

ஒன்று, இரண்டு, நாலு என்று மற்ற மூன்று கவுண்டர் திரையிலும் 'காத்திருக்கவும்' என்ற ஒரே வரி. நாலாம் கவுண்டர்க்காரர் பொறுமை இழந்து, நின்றுபோன மூன்றாம் கவுண்டர் மெஷினை அணைத்துப் போடக் கை நீட்டிவிட்டார். சாலமோன் பாய்ந்து போய் அந்தக் கையைப் பிடித்தான். பாதி எழுதியபடி அணைத்தால் அன்றைய பட்டியலே கந்தலாகியிருக்கும். கையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்துக் கத்தினான்.

"ஏட்டி! துண்டப் போட்டுட்டு எங்கட்டி போன? பூட்டுக்குள்ள போயா நிறுத்தி வைப்ப? மத்தவன் எல்லாம் எப்படி உள்ள வருவான்?"

ஓடிவந்து புரோகிராமை ஓட விட்டேன். நாலு கவுண்டரும் ஒரே மூச்சில் நகர்ந்தன. கூட்டம் என்னை ஏசிக்கொண்டே முன்னேறியது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஏச்சு காதில் விழவில்லை. சாலமோன் சொன்ன வார்த்தைதான் உள்ளே போய்க் குத்திக்கொண்டு நின்றது.

ஞாயிற்றுக்கிழமையும் நான் நிறுத்தியது இதே இடத்தில்தான். பெயர் எழுதும் வரி பூட்டுக்குள் இருக்கிறது. நான் பூட்டுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்த நேரம் எல்லாம் மற்ற மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றிருக்கிறார்கள். நான் விட்ட பிறகு அவர்கள் போட்டார்கள். அவர்கள் போட்டு முடித்துச் சும்மா உட்கார்ந்த பிறகு நான் அடுத்ததைப் போட்டேன். நாலு பேரும் ஒரே நேரத்தில் முண்டுகிறபோது என்ன ஆகிறது என்று பார்க்க வந்தவள், நாலு பேரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக வரிசையில் நிறுத்திவிட்டு, சண்டையே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாற்பது தடவை பார்த்தேன் என்று மார் தட்டினேனே, நானூறு தடவை பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்தச் சொல்லை நம்பி ஒரு பெண்ணின் வேலை சனிக்கிழமையோடு முடிகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது, சொல்லமுடியாத வெட்கம்.

"பாத்து" என்றேன். "நீ போன்ல சொன்னது சரி."

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சரின்னா வந்து கண்டுபிடிங்கக்கா. இன்னும் மூணு நாளுதான் இருக்கு" என்றாள்.

அன்றும் வியாழனும் நானும் சாலமோனும் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் முதலில் மாற்றினோம். கூட்டத்தை நிறுத்தாமல் பார்க்கவேண்டும். நாலு கவுண்டரும் தாங்கள் செய்கிற ஒவ்வொன்றையும் தங்கள் சொந்த டிஸ்க்கில் நேரத்தோடு ஒரு வரி குறித்துக்கொண்டே போகும்படி எழுதினேன். சீட் பார்த்தேன், பூட்டினேன், எழுதினேன், திறந்தேன், அவ்வளவுதான். நாலு கம்ப்யூட்டர் கடிகாரமும் நாலு விதமாக மணி காட்டின. தினமும் காலையில் சர்வரின் நேரத்துக்கு நாலையும் திருப்பி வைப்பது சாலமோன் பொறுப்பு.

பிரேக்பாயிண்டையும் நான் விடவில்லை, இடத்தை மாற்றினேன். பூட்டுக்குள் இருக்கும்போது, எழுதப்போகிற சீட்டில் ஏற்கெனவே ஏதாவது பெயர் இருக்கிறதா என்று ஒரே ஒரு பார்வை பார்த்து மனதில் வைத்துக்கொள்ளும். அங்கே நிற்காது. பூட்டைத் திறந்துவிட்டு வெளியே வந்த பிறகு, பார்த்த சீட்டில் பெயர் இருந்திருந்தால் மட்டும் நிற்கும். இல்லாவிட்டால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

"துண்ட எடுத்துட்டு வந்து நில்லு, கையில துண்டோட நிக்காத" என்றான் சாலமோன். எங்கள் கம்பெனியில் அதற்குப் பிறகு வந்த எல்லாருக்கும் முதல் நாளே சொல்லும் வார்த்தை அதுதான்.

வெள்ளிக்கிழமை. கூட்டம் படிக்கட்டு தாண்டி ரோடு வரை நின்றது. நான் உள்ளறையில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்று இருபதுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாத்து கையைத் தூக்கினாள். குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, நின்னுட்டு."

போனேன். மூன்றாம் கவுண்டர் நின்றிருந்தது. பூட்டுக்கு வெளியே, நான் சொன்ன இடத்தில். ஒன்றும் இரண்டும் நாலும் தடதடவென்று டிக்கெட் அடித்துக்கொண்டிருந்தன. வரிசையில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. பிடித்துவிட்டேன் என்பதை விட, ஒருவரையும் தொந்தரவு செய்யாமல் பிடித்தேனே, அதில்தான் பெருமை.

"இப்ப என்ன செஞ்ச?"

"இந்த அக்கா தனியாப் போறாவ" என்று வரிசையில் முதலில் நின்ற பெண்ணைக் காட்டினாள் பாத்து. "ஏழாம் நம்பர் காலி. பக்கத்துல எட்டுல ஒரு ஆம்பள. அவர வேற சீட்டுக்கு மாத்தணும்லா. மாத்துனேன்."

எங்கள் பக்கத்து பஸ்ஸில் அது எழுதாத சட்டம். தனியாகப் போகும் பெண் பக்கத்தில் ஆண் உட்காரக்கூடாது. ஏற்கெனவே டிக்கெட் வாங்கிய ஆணைச் சார்ட்டில் வேறு சீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். ஏறும்போது கண்டக்டர் சொன்னால் அவரும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். முதலில் நான் எழுதிய புரோகிராமில் இது கிடையாது. "பொம்பளையாளு சீட் மாத்துதது இல்லியே தாயி" என்று அண்ணாச்சி கேட்டபிறகு ஒரே மதியத்தில் எழுதி ஒட்டவைத்தேன்.

நாலு டிஸ்க்கிலும் இருந்த குறிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தோம். நேரம் துல்லியமாக இருந்ததால் கண்ணாடியாகத் தெரிந்தது. பதினொன்று பத்தொன்பதுக்கு மூன்றாம் கவுண்டர் காலி சீட் தேடியது, பன்னிரண்டு காலி என்று பார்த்தது. பூட்டவில்லை. அடுத்த வினாடி ஒன்றாம் கவுண்டர் பூட்டி, பன்னிரண்டைத் திருஞானசம்பந்தம் என்பவருக்கு விற்று, திறந்தது. அதற்கடுத்த வினாடிதான் மூன்றாம் கவுண்டர் பூட்டுகிறது. பூட்டியபின் மறுபடி பார்க்கவே இல்லை. தான் முன்பு பார்த்த பன்னிரண்டில், அங்கே இருந்த பெயரின் மேலேயே எட்டாம் நம்பர் ஆளின் பெயரை எழுதுகிறது.

பாத்து செய்யவில்லை. நான் செய்தேன். சீட் மாற்றத்தில் மட்டும், பார்த்த பிறகு பூட்டியிருக்கிறேன். பூட்டிய பிறகு பார்த்திருக்கவேண்டும். பெண்கள் எல்லாரும் பாத்துவிடம் வந்ததால் சீட் மாற்றம் எல்லாம் அவள் கவுண்டரில். அதனால் தப்பு எல்லாம் அவள் பெயரில்.

திருஞானசம்பந்தம் இன்னும் வாசலில்தான் நின்று டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தார். ரிட்டயர்டு வாத்தியார். அவருடைய பன்னிரண்டை அவருக்கே திருப்பி எழுதினேன், எட்டாம் நம்பர் ஆளை இருபதுக்கு மாற்றினேன். அவர் ஒன்றும் தெரியாமலேயே படியிறங்கிப் போனார்.

"அண்ணாச்சிட்ட போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்று எழுந்தேன்.

பாத்து என் முந்தானையைப் பிடித்தாள். அவ்வளவு நாளும் கல்லாக இருந்த குரல் அப்போதுதான் உடைந்தது. "ரூமுக்குள்ள போய்ப் பையச் சொல்லாதிய அக்கா. என்னைய எல்லாரும் இருக்கையிலதான சொன்னிய. எல்லாரும் இருக்கையில சொல்லுங்க."

எனக்கு அந்த நிமிஷம் அவளைப் பிடித்துப்போய்விட்டது. நான் அவள் இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அன்று முழுக்க உட்கார்ந்து அந்த இடத்தைத் திருத்தி எழுதினோம். சனிக்கிழமை காலை, ஆபீஸ் திறக்கும் நேரம். திங்கட்கிழமை இருந்த அதே ஆட்கள், அதே இரண்டு டிரைவர்கள். அண்ணாச்சி வெளியே வந்தார்.

"அண்ணாச்சி, தப்பு பாத்து மேல இல்ல. எம்மேல. நான் எழுதுன புரோகிராம்ல."

"தப்பு இல்லன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். அதுவும் தப்பு."

அவர் முகம் சிவந்துவிட்டது. ஒரு வருஷப் பழக்கத்தில் அவர் என்னை ஏசியது அன்று ஒரு நாள்தான். "ஏளா, ஒன் பேச்ச நம்பி ஒரு பிள்ள சோத்துல மண்ணள்ளிப் போடப் பாத்தேனே! நாப்பது தடவ பாத்தேன்னு நெஞ்ச நிமித்திச் சொன்னியே, எதப் பாத்த?"

மற்ற நேரம் என்றால் நானும் பதிலுக்கு நின்றிருப்பேன். அன்று நிற்கவில்லை. "துண்டப் போட்டுட்டு உள்ள உக்காந்து பாத்தேன் அண்ணாச்சி. எல்லாவனும் வெளிய நின்னான், அதனால சண்டை இல்ல. சீட் மாத்துத எடத்துல நான் துண்டே போடல. ஜன்னல் வழியாக் காலி சீட்டப் பாத்துட்டு, படியேறிச் சுத்தி வந்து உக்காந்திருக்கேன். அதுக்குள்ள ஒரு ஆளு வந்து உக்காந்துட்டாரு. அவரு மடியிலயே ஒருத்தர உக்கார வச்சிருக்கேன்."

ஒரு டிரைவர் சிரித்துவிட்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை, ஆனால் புரிந்துவிட்டது, அது கண்ணில் தெரிந்தது. மெல்ல மூன்றாம் கவுண்டர் பக்கம் திரும்பினார்.

"பாத்து, மனசுல வச்சிக்கிடாத தாயி. இங்கன நீ இருக்கணும்."

"இருக்கேன் அண்ணாச்சி" என்றாள். "அதுக்கு முந்தி நான் ஒண்ணு பாக்கணும்."

என்னிடம் கூடக் கேட்கவில்லை. எழுந்து நின்று மற்ற மூன்று கவுண்டருக்கும் வேலை சொன்னாள். தீபாவளி மறுநாள் பஸ்ஸில் ஒரே ஒரு சீட் மட்டும் மிச்சம் இருக்கும்படி பொய்ப் பெயர்களை ஏற்றச் சொன்னாள். பிறகு, தன் கவுண்டரில் சீட் மாற்றம், மற்ற மூன்றிலும் அதே மிச்ச சீட்டுக்கு டிக்கெட், நாலு பேர் விரலும் ஒரே நேரத்தில் விழவேண்டும் என்றாள்.

"நிறுத்தி வைக்கப்பிடாதுக்கா" என்றாள் என்னைப் பார்த்து.

"வைக்கல" என்றேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

நாலு விசையும் ஒரே சத்தமாக விழுந்தன. இரண்டாம் கவுண்டரில் டிக்கெட் வந்தது. மற்ற மூன்றிலும் 'இடம் இல்லை'. ஏறிய பெயரை அழித்துவிட்டு மறுபடி ஒண்ணு, ரெண்டு, மூணு. இந்தத் தடவை பாத்துவுக்குக் கிடைத்தது, மற்ற மூன்று பேருக்கும் இடம் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு டிரைவர்கள் வந்து நின்றுவிட்டார்கள். யாருக்கு விழும் என்று பந்தயம் கட்டாத குறைதான். இருபது தடவை அடித்தாள். இருபது தடவையும் ஒரு சீட்டுக்கு ஒரே ஆள். அதுவரை நான் எழுதிய எதன் மேலும் எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை.

பொய்ப் பெயர்களை எல்லாம் அழித்தார்கள். வெளியே கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

"இப்பச் சொல்லு தாயி. தப்பு இருக்கா, இல்லியா?"

'இல்ல' என்ற சொல் வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "என்னைய ஏன் கேக்கிய அண்ணாச்சி? பாத்துட்ட கேளுங்க. அவ சொல்லுததுதான் தீர்ப்பு."

ஹாலில் எல்லாரும் மூன்றாம் கவுண்டரைப் பார்த்தார்கள். பாத்து துப்பட்டியைத் தலையில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள். நாலு திரையையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஓட விட்டுப் பாத்தாச்சு அண்ணாச்சி" என்றாள். "தப்பு இல்ல. கதவத் திறங்க."